முழங்கால் அளவு வெளிச்சம்

என் மாமனார் காரை விட்டு இறங்க மாட்டார். அதுதான் அவர். மற்றதெல்லாம் அப்புறம்.

மளிகைக் கடைக்குப் போனால் வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடிப்பார். கடைக்காரர் தராசை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வர வேண்டும். உரக்கடைக்காரர், ரைஸ்மில் கணக்குப்பிள்ளை, முடிவெட்டுகிறவர் எல்லோரும் குனிந்து ஜன்னலுக்குள் தலையை விட்டுத்தான் அவரிடம் பேசுவார்கள். இவர் வலது முழங்கையை வெளியே நீட்டி வைத்துக்கொண்டு, முன் கண்ணாடியைப் பார்த்தபடியே பதில் சொல்வார். பின் சீட்டில் நானும் என் மாமியாரும் இருப்போம். எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியாது. கல்யாணமாகி வந்த புதிதில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு சீட்டில் சரிந்து உட்கார்ந்துகொள்வேன். "வெயிலாம்மா?" என்று கேட்பார் கண்ணாடி வழியாகப் பார்த்து. ஆமாம் மாமா, வெயில்.

ஒரு தடவை பக்கத்து ஊருக்குத் துக்கம் கேட்கப் போனோம். அங்கேயாவது இறங்குவார் என்று நினைத்தேன். பந்தலுக்கு முன்னால் வண்டி நின்றது. நானும் அத்தையும் இறங்கி உள்ளே போய் அழுதுவிட்டு வந்து பார்த்தால், அப்பனைப் பறிகொடுத்த பையன் மொட்டைத் தலையோடு கார் ஜன்னலோரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். இவர் உள்ளேயிருந்தபடியே துக்கம் கேட்டுக்கொண்டிருக்கிறார். குரல் என்னவோ உண்மையிலேயே தழுதழுத்துத்தான் இருந்தது. ஆனால் இறங்கவில்லை. பந்தலில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

நான் திருவாரூருக்குத் தெற்கே ஒரு ஊரில் பிறந்தவள். வாழ்க்கைப்பட்டது கீழ்வேளூர்ப் பக்கம். என் கணவருக்குச் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. கல்யாணத்துக்கு வந்தவர் இரண்டு மாசத்தில் திரும்பிப் போய்விட்டார். அப்போது எங்கள் பக்கமெல்லாம் அப்படித்தான். வீட்டுக்கு ஒரு பையன் பாஸ்போர்ட்டும் கையுமாக அலைவான். நடவுக்கு ஆள் குறைந்துகொண்டே வந்தது, தெருவில் மாடிவீடு கூடிக்கொண்டே வந்தது. மற்ற வீடுகளில் சிங்கப்பூர்ப் பணத்தில் மச்சு கட்டினார்கள். இவர் ஓட்டு வீட்டை ஓட்டு வீடாகவே விட்டுவிட்டு, பழைய வெள்ளை அம்பாசடர் ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்தினார். அறுபது வயதை நெருங்கிய பிறகு களத்துமேட்டில் ஓட்டப் பழகினார். வைக்கோல் போர் ஒன்று சரிந்தது, ஒரு தென்னங்கன்று போயிற்று. ஆனாலும் பழகிவிட்டார்.

ஏன் கார் என்று அத்தைதான் ஒருநாள் அடுப்படியில் உட்கார்ந்து எனக்குச் சொன்னார். இவர் குத்தகை நிலம் பார்த்தவர். அந்தக் காலத்தில் ஊரில் பண்ணை வீட்டில் மட்டும்தான் கார்.

"காரு வருதுன்னா சைக்கிள்லேர்ந்து எறங்கிடணும்டி. துண்டை அக்குள்ள இடுக்கிக்கிட்டு வாய்க்கால் ஓரமா நிக்கணும். லைட்டு மூஞ்சியிலயே அடிக்கும், உள்ள யாரு இருக்கான்னு ஒண்ணும் தெரியாது. தெரியலைன்னாலும் நிக்கணும். ஒரு நாளு நல்ல மழை. இவரு எறங்கிச் சேத்துல நிக்கிறாரு. காரு இவரு மேல சேத்த வாரி அடிச்சிட்டுப் போயிடுச்சு. மறுநாள் கேட்டா, உள்ள பண்ணையாரே இல்லியாம். டிரைவர் மட்டும் வெறும் வண்டிய ஓட்டிட்டுப் போயிருக்கான். வெறும் வண்டிக்கு எறங்கி நின்னேனேன்னு ரெண்டு நாளு சோறு திங்கல மனுஷன்."

அதைக் கேட்டபோது எனக்கு அவர்மேல் பாவமாகத்தான் இருந்தது. அந்தப் பாவம் அன்று சாயங்காலம் வரைகூடத் தாங்கவில்லை. ஏனென்றால் அவர் அந்தக் காரின் ஹெட்லைட்டை என்ன செய்து வைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

சிங்கப்பூரிலிருந்து மகன் கைலிக்குள் சுற்றிக் கொண்டுவந்த பல்பு இரண்டு. வாங்கிவரச் சொன்னதே இவர்தான். மற்றவர்கள் டேப்ரிகார்டர் கேட்பார்கள், தைலம் கேட்பார்கள். இவர் கார் பல்பு கேட்டார். அதைப் போட்ட பிறகு, எதிரே வருகிறவர் கண் கூசாமல் இருக்க எல்லா வண்டிக்கும் லைட்டின் நடுவில் வைத்திருக்கிற கறுப்புப் பொட்டைப் பிளேடால் சுரண்டி எடுத்தார். அப்புறம் கீழ்வேளூர் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, லைட்டைத் தூக்கி வைக்கச் சொன்னார். விளிம்புத் தகட்டைக் கழற்றினால் உள்ளே ஒரு திருகு இருக்கிறது. ஒருபக்கம் திருகினால் வெளிச்சம் ஏறும், மறுபக்கம் திருகினால் இறங்கும்.

"மாமா, இதுக்கு மேல தூக்கினா எதிர்ல வர்றவன் கண்ணுலதான் அடிக்கும். ரோட்டுல விழாது" என்றான் மெக்கானிக்.

"ரோடு எனக்கு மனப்பாடம். நீ தூக்கு."

பொழுது சாய்ந்தால் அந்த வண்டி ரோட்டில் வருவது, கண்ணெதிரே சூளையைத் திறந்து வைத்தது மாதிரி இருக்கும். வாய்க்காலை ஒட்டிய ஒற்றை ரோடு அது. சைக்கிளில் வருகிறவன் கண் தெரியாமல் தடுமாறி இறங்கியே ஆக வேண்டும். அவன் இறங்கி ஓரத்தில் நிற்கும்போது இவர் உதட்டோரம் ஒரு சின்னச் சிரிப்பு வரும். வண்டி மெதுவாக அவனைக் கடக்கும். மெதுவாகக் கடப்பதுதான் முக்கியம்.

சரி, யார் இறங்கினார்கள்? பண்ணை வீட்டார் நிலத்தையெல்லாம் விற்றுவிட்டுச் சென்னைக்குக் குடிபோய் எத்தனையோ காலமாகிவிட்டது. இறங்கினவர்கள் எல்லாம் பால்காரர், நடவு முடிந்து சேறு காயாத காலோடு வரும் பெண்கள், வேளாங்கண்ணிக்கு நடந்து போகும் பாவப்பட்ட ஜனங்கள். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன்.

"கொஞ்சம் டிம் பண்ணக் கூடாதா மாமா? பாவம், அந்தப் பொம்பளைங்க தலையில கட்டோட நிக்கிறாங்க."

"நான் நின்னேன்ல?" என்றார்.

அவ்வளவுதான் பதில். சிங்கப்பூருக்கு போன் பேசும்போது கணவரிடம் சொன்னேன். "அப்பாவுக்கு இருக்கிறது அந்த ஒரு சந்தோஷம்தான், விடேன்" என்றார். அவருக்கென்ன, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். பின் சீட்டில் உட்காருகிறவள் நான்.

இதெல்லாம் ஊரார் கண்ணில் என் தலைகுனிவு. பொறுத்துக்கொண்டேன். அந்தப் பொங்கலுக்கு நடந்ததைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

அது எனக்குத் தலைப்பொங்கல். நான் முழுகாமல் இருந்து நாலாம் மாசம். அப்பா சீர் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார். என் பிறந்த வீட்டில் இருந்தது ஒரு மொபெட். போகிக்கு முதல்நாள் சாயங்காலம், வெண்கலப் பானை, வாழைத்தார், மஞ்சள் கொத்து, நீளவாக்கில் கட்டிய கரும்புக் கட்டு எல்லாவற்றையும் அதில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டு வந்தார். வந்து நின்றதைப் பார்த்ததும் வாசலுக்கு ஓடினேன். இடுப்புவரை சேறு. ஒரு காலில் செருப்பில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது.

"ஒண்ணுமில்லம்மா. வாய்க்கால் ஓரமா வழுக்கிடுச்சு. பானைக்கு ஒண்ணும் ஆகல, பாத்துட்டேன்" என்றார்.

அத்தை பதறிப்போய்த் துண்டும் வெந்நீரும் கொண்டுவந்தார். அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்துக் கையில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தோம். வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம். சொந்த வீட்டில் மட்டும் அவர் இறங்குவார், வேறு வழியில்லையே. சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். உள்ளே யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை.

"ஏய், இன்னிக்கு ஒரு கூத்தக் கேளு. மதகுக்கிட்ட ஒரு ஆளு கரும்புக் கட்டோட வாய்க்காலுக்குள்ள எறங்கிட்டான். எறங்குறதுன்னா அப்படி ஒரு எறக்கம், கரும்பு ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம்..."

அப்புறம்தான் சுவரில் சாய்த்து வைத்திருந்த கரும்பைப் பார்த்தார். தோகையெல்லாம் சேறு. அங்கிருந்து கண் அப்பாவிடம் வந்தது. முகத்தில் ஈயாடவில்லை.

அப்பா எழுந்து நின்றார். அடிபட்டவர் எழுந்து நின்றார், அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. "வாங்க சம்பந்தி. நான் இப்பதான் வந்தேன்" என்றார், ஒன்றுமே காதில் விழாதவர் மாதிரி. பெண்ணைக் கொடுத்தவர் இல்லையா! நான் அங்கேயே அந்த வெந்நீர்ச் சட்டியை எடுத்து யார் தலையிலாவது கொட்டியிருப்பேன். யார் தலையில் என்றுதான் தெரியவில்லை.

 கால் கழுவக் கொல்லைப்பக்கம் போன மாமா சாப்பாட்டுக்குக்கூட வரவில்லை. மொபெட்டை ஆள்விட்டு எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு அப்பா விடியற்காலை முதல் பஸ்ஸில் போய்விட்டார். கை முறிந்திருக்கிறது என்று பிறகு அம்மா போனில் சொன்னாள். மாவுக்கட்டுப் போட்டார்கள், பிரித்தார்கள். எலும்பு சற்றுக் கோணலாக ஒட்டிக்கொண்டது. அதன்பிறகு அப்பா எங்கள் வீட்டுப் பக்கம் தலைகாட்டவே இல்லை. முன்பெல்லாம் மாசம் ஒரு தடவையாவது முறுக்கோ முருங்கைக்காயோ எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்துவிடுகிற மனிதர்.

ஏழாம் மாசம் வளைகாப்பு வைத்தார்கள். பிறந்த வீட்டிலிருந்து வந்து, வளையல் அடுக்கி, பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்துப்போவதுதான் முறை. நாலு நாள் முன்னால் அம்மாவிடமிருந்து போன் வந்தது. அவள் மட்டும்தான் வருவாளாம். அப்பாவுக்குக் கை இன்னும் சரியாகவில்லையாம். பேச்சுவாக்கில் அவளே, "நேத்துப் பூரா உளுந்து புடுங்கிட்டு இப்பதான் படுத்தாரு" என்றும் சொல்லிவிட்டாள். உளுந்துச் செடி பிடுங்குகிற கைக்கு மகள் வளைகாப்புக்கு வரத்தான் வலிக்கிறது. நான் போனை வைத்துவிட்டு அழுதேன். முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டு நிற்கிறேன், அப்பா இந்த வாசலை மிதிக்க மாட்டார் என்றால் அப்புறம் எனக்கு இது என்ன வீடு? அழுததை மாமா கூடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும் என்றுதான் நானும் அழுதேன்.

மறுநாள் பொழுது சாயும் நேரத்துக்கு மெக்கானிக் வந்தான். மாமா அன்று காலையிலிருந்தே, என்னவோ ஆயுதபூஜை மாதிரி, வண்டியைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார். டிக்கியில் கிடந்த சாக்கு, ஸ்டெப்னி, ஜாக்கி, தேங்காய் எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்தாகிவிட்டது. களத்துமேட்டில் மாட்டுக்கொட்டகைச் சுவரைப் பார்த்த மாதிரி வண்டியை நிறுத்தினார்கள். கோடு போட என்னிடம் வெற்றிலைச் சுண்ணாம்பு கேட்டு வாங்கிப் போனான் மெக்கானிக். லைட் எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்துக்குச் சுவரில் ஒரு கோடு. அதற்குக் கொஞ்சம் கீழே இன்னொரு கோடு. வெளிச்சத்தின் மேல்விளிம்பு கீழ்க்கோட்டில் வந்து நிற்க வேண்டும்.

"வந்துடுச்சு மாமா."

"இன்னும் எறக்கு."

"இதுதான் கணக்கு மாமா."

"முட்டிக்கு மேல ஒரு பொட்டு வெளிச்சம் போகக் கூடாதுங்கிறேன், எறக்குடா."

ஊரில் பாதிப் பேர் வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். இவர் அதைத்தான் விரும்பினார் போல. எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே பேசினார். அத்தை என் பக்கத்தில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். "வாயத் தொறந்து ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டா முடிஞ்சுபோற விஷயம். அதுக்குச் சொவத்துல கோடு போட்டுக்கிட்டு நிக்கிறாரு பாரு."

எனக்கும் எரிச்சல்தான். ஆனால் முட்டியளவில் நின்ற அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு அவர் குத்துக்காலிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டும் எழுந்து வரவில்லை.

வளைகாப்பன்று அம்மா வந்தாள். எல்லாம் நடந்தது. அப்பா உட்கார வேண்டிய இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார். வாடகை வண்டி பிடிக்கிறேன் என்று அம்மா சொன்னபோது, மாமா குறுக்கே வந்து, "வேணாங்க. நானே கொண்டாந்து விடுறேன்" என்றார். மாப்பிள்ளை வீட்டுக்காரர் பெண்ணைக் கொண்டுபோய் விடுவது முறையில்லை என்று அத்தை முணுமுணுத்தார். அவர் காதில் வாங்கவில்லை. டிக்கியைத் திறந்து புதுச் சம்பா அரிசியில் இரண்டு மூட்டை ஏற்றினார். ஒரு சாக்கு உளுந்து. தேங்காய். வாழைத்தார் இரண்டு. டிக்கி மூடவில்லை, கயிறு போட்டுக் கட்டினார். பின் சீட்டில் அத்தை, அம்மா, நடுவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நான். மடியில் கலந்த சோற்றுப் பாத்திரங்கள். பழைய வண்டி, பின் ஸ்பிரிங் ஏற்கெனவே படுத்துவிட்டது. யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

திருவாரூர் தாண்டும்போது இருட்டிவிட்டது. லைட்டைப் போட்டார். எதிரே ஒரு சைக்கிள் வந்தது. வந்தவர் கண்ணைப் பொத்திக்கொண்டு தடுமாறி இறங்கி நின்றார். மாமா வேகத்தைக் குறைத்தார். இன்னொரு சைக்கிள் வந்தது. அவரும் இறங்கினார்.

"எறக்கியாச்சே. இன்னும் ஏன் எறங்குறானுங்க?" என்றார்.

"எல்லாம் உங்க வண்டின்னு தெரிஞ்சு எறங்குறாங்க" என்றார் அத்தை, குத்தலாக.

மூன்றாவதாக வந்தவரிடம் வண்டியை நிறுத்தியேவிட்டார். தலையை வெளியே நீட்டி, "நீ எறங்காதப்பா, நீ பாட்டுக்குப் போ" என்றார். அந்த ஆள் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, "மொதல்ல லைட்டை அமத்துங்க சாமி, ஒண்ணும் தெரியல" என்றார். மாமா தலையை உள்ளே இழுத்துக்கொண்டு வண்டியை நகர்த்தினார். பின்னாலிருந்து பார்த்தால் அவருடைய கழுத்து வேர்த்திருந்தது தெரிந்தது.

எங்கள் தெருவுக்குள் வண்டி திரும்பியதும் வீட்டுக்கு வீடு வாசலில் நின்றவர்கள் வெளிச்சம் தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அப்பா கதவோரம் நின்றிருந்தார். வெளிச்சம் நேராக அவர் முகத்தில் போய் விழுந்தது. கோணலாக ஒட்டிய அந்தக் கையைத் தூக்கிக் கண்ணை மறைத்தார். மணிக்கட்டின் வளைவு அத்தனை வெளிச்சத்தில் அப்படியே தெரிந்தது. என் உடம்பே கூசிப்போயிற்று. இவ்வளவு செய்துவிட்டு, என் வீட்டு வாசலுக்கே வந்து, அதே மனிதர் கண்ணில் மறுபடியும் அடிக்கிறார்!

"அமத்துங்க! அமத்தித் தொலைங்க!" என்று அத்தை கத்தினார். மாமா அணைத்தார்.

நாங்கள் இறங்கினோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து மூட்டைகளை இறக்கினார்கள். மாமா மட்டும் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். இறங்கவில்லை. டிக்கி காலியானதும் அப்படியே திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தாரோ என்னவோ, வண்டியைக் கிளப்பி லைட்டைப் போட்டார்.

வெளிச்சம் அப்பாவின் வேட்டியில், முழங்காலில் விழுந்தது. அதற்கு மேல் ஒரு பொட்டுக்கூட இல்லை.

அப்பா குனிந்து தன் முழங்காலைப் பார்த்தார். அவிழ்த்துப் போட்டிருந்த கயிற்றையும் மூட்டைகளையும் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. மெதுவாக ஜன்னலோரம் போனார்.

"சம்பந்தி, லைட்டு சரியாத்தான் வெச்சிருக்கீங்க. மூட்டைதான் தூக்கிவிட்டுடுச்சு. பின்னால பாரம் ஏத்தினா என் வண்டியும் இப்படித்தான் மூக்கைத் தூக்கும்" என்றார். "எறங்குங்க. உள்ள வாங்க."

மாமா அசையவில்லை. தெருவே பார்த்துக்கொண்டிருக்கிறது. அம்மா சொம்பில் தண்ணீரோடு வாசலில் நிற்கிறாள். கைமுறிந்த சம்பந்தி குனிந்து ஜன்னலில் தலையை விட்டுக் கூப்பிடுகிறார். இவர் முன் சீட்டில் கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் வயிற்றுப் பிள்ளையைக்கூட மறந்துவிட்டேன். அதுவரை அவரிடம் குரலை உயர்த்தாதவள், "எறங்குங்க மாமா! இங்கயாவது எறங்குங்க!" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவையும் பார்க்கவில்லை. முன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு, ஜன்னலோரம் நின்ற எங்களுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"எறங்கினா உங்க கால்ல விழுந்துடுவேன் சம்பந்தி. அதான் உக்காந்திருக்கேன்."

 அப்பா காரைச் சுற்றிக்கொண்டு போய், அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து, அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.